பரசுராமனின் மூக்கும் ஏர்கண்டிஷன் வாசனையும்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி நத்தமேடு என்ற ஊரில் பரசுராமன் என்றொரு விவசாயி இருந்தார். அவருக்கு ஆறு ஏக்கர் நன்செய், ஒரு கிணறு, ஒரு மனைவி, சுற்றுவட்டாரம் முழுவதும் பேர்பெற்ற ஒரு மூக்கு. நிலம், கிணறு, மனைவி மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. மூக்குதான் பன்னிரண்டு வயதிலேயே வேலையை நிறுத்திவிட்டது.

அந்த வயதில் அவருக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்தது. இருபது நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது தெம்பு திரும்பியது, பசி திரும்பியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே தெருவில் இருந்த காது கேளாத ஒருவரை ஊர் என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது என்பதைப் பையன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். தனக்கும் ஒன்று வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு எதிரில் இருப்பவர்களின் முகம்தான் அவருக்கு மூக்கானது. அவர்கள் கண் விரிந்தால் நல்ல வாசனை, உதடு கோணினால் கெட்ட வாசனை. யாரும் இல்லாத இடத்தில் கருத்துச் சொல்லமாட்டார். விதை நெல்லைக் கொண்டுவந்து நீட்டினால், கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், கண்ணைப் பாதி மூடி, நெடுநேரம் நிற்பார். அந்த நேரத்தில் விரல்கள் நெல்லின் ஈரத்தைப் பார்த்துவிடும். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு உள்ளே சூடு ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வார். பிறகு, “புழுக்க வாசனை வருது, வேணாம்” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கை செய்த வேலைக்கு மூக்கு பாராட்டு வாங்கிக்கொண்டது. நாளடைவில் நெய், கடலை எண்ணெய், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அவர் மூக்குக்கு வரத் தொடங்கின. மூக்கு உள்ளவர்கள் இத்தனை பேர் இருந்தும் தங்கள் மூக்கால் மோந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தது மனைவி கெங்கம்மாள் ஒருத்திதான். கல்யாணமான முதல் வாரத்தில் பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். பயந்துகொண்டே காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரை மூக்கருகே பிடித்து, “ஆகா, நல்ல மணம்” என்றார். ஒரு மாதம் வரை தனக்கு வாய்த்தவர் உத்தமர் என்றே நம்பினாள். கருவாடு வறுக்கிற அடுப்பருகே நின்று அவர் சாம்பிராணி போட்டியா என்று கேட்ட அன்று விஷயம் விளங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, “பருப்பு தீயுது பாருங்க” என்று தானாகவே முன்கூட்டி அறிவித்து வைப்பாள். அவரும் ஆமாம் என்பார். இருபது வருஷம் அப்படியே போயிற்று.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. இரும்பு உருக்குகிறவர்களும் ரசாயனம் காய்ச்சுகிறவர்களும் வந்தார்கள். அவர்களோடு வடக்கிலிருந்து சக்சேனா என்ற என்ஜினீயர் வந்து, பரசுராமன் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு அமர்ந்தார். நத்தமேட்டு வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மதராசிலிருந்து ஒரு ஏர்கண்டிஷன் பெட்டியை வரவழைத்து, சுவரை உடைத்துப் பொருத்தினார். ஒன்றரை வருஷத்தில் அவரைப் பனி கொட்டுகிற ஒரு மலையூருக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியைக் கழற்றினால் சுவரில் மாடு நுழைகிற ஓட்டை விழுமே என்று பரசுராமன் கவலைப்பட்டார். பனியூருக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனால் பைத்தியக்காரன் என்பார்களே என்று சக்சேனா கவலைப்பட்டார். இரண்டு கவலையும் சேர்ந்து பெட்டி சுவரிலேயே தங்கிவிட்டது. ஊரில் பாதி வீட்டுக்கு மின்விசிறி இல்லாத காலத்தில் பரசுராமன் ஏர்கண்டிஷன் முதலாளி ஆனார்.

மழைக்காலம் முழுவதும் பெட்டி மூடிக் கிடந்தது. எழுபத்தேழு சித்திரையில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுத் துளசிராமனை அழைத்து உட்காரவைத்து, பரசுராமன் விசையைத் திருப்பினார். பெட்டி இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குளிர் வந்தது. குளிரோடு கூட, நனைந்த சாக்கை ஒரு வாரம் மூட்டை கட்டி வைத்து, நடுவில் ஒரு தவளையையும் வைத்தால் என்ன வருமோ அதுவும் வந்தது.

துளசிராமனின் கண் பாதி மூடியது, உதடு இறுகியது, தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. குளிரின் சுகம் என்று பரசுராமன் முடிவு செய்தார். பெருமையாக, “எப்படி?” என்று கேட்டார்.

“குளிரு சூப்பர்ணா. இன்னா, ஒரு மாதிரி வாசனை வருது.”

வாசனை என்ற சொல் காதில் விழுந்ததும் பரசுராமன் பழக்கப்படி எழுந்து, பெட்டியருகே போய், கண்ணைப் பாதி மூடி நின்றார். கையால் தொட்டுப் பார்க்கக் காற்றில் எதுவுமில்லை. கடித்துப் பார்க்கவும் முடியாது. வேறு வழியில்லாமல் சக்சேனா என்றோ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

“அது கேஸு. ஒரிஜினல் கேஸு அப்படித்தான் இருக்கும். இந்த வாசனை இல்லாங்காட்டி டூப்ளிகேட்டுன்னு அர்த்தம்” என்றார்.

சொன்னது பரசுராமன் மூக்கு. துளசிராமன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்து, ஆமாம், உசத்தியான சரக்கின் வாசனைதான் என்று ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நாலைந்து பேர் வந்து வரிசையாக உட்கார்ந்து ஒரிஜினல் கேஸை அனுபவித்தார்கள். ஒருவர் தன் தலைவலி இதில் போய்விட்டது என்றார். வெளியே போய் வாந்தி எடுத்த இன்னொருவரைப் பற்றி, அவருக்கு உசத்தியான சாமான் எதுவும் பழக்கமில்லை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கெங்கம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். “நாறுதுங்க. உள்ள ஏதோ செத்துக் கெடக்குது.”

பரசுராமனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று மட்டும் சொன்னார். இருபது வருஷம் காத்த மானத்தை ஒரு பெட்டிக்காக விடவேண்டாமென்று அவளும் பேசாமலிருந்தாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. சாம்பிராணி போட்டாள். வேப்பிலைக் கொத்து கட்டினாள். எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு மூலையிலும் வைத்தாள். பெட்டியின் முகப்பில் கதம்பச்சரம் சுற்றினாள். பெட்டி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, தன்னுடையதையும் கலந்து, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே சாக்கடை உடைந்த மாதிரி திருப்பிக் கொடுத்தது. புது வாசனை முந்தையதைவிட விசேஷமாக இருப்பதாகத் துளசிராமன் அபிப்பிராயம் சொன்னார். கெங்கம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டில் படுக்கத் தொடங்கினாள்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த இராமலிங்கம் போட்டிக்கு ஒரு ஏர்கண்டிஷன் வாங்கினார். மதராசில் பெரிய கடையில் வாங்கிய புத்தம்புதுப் பெட்டி. வீட்டில் மாட்டி, ஓடவிட்டு, பரசுராமனை வண்டி வைத்து அழைத்துப்போய் நிறுத்தினார். பரசுராமன் கண்ணைப் பாதி மூடி மூச்சிழுத்தார். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். எல்லா முகங்களும் அப்படியே இருந்தன.

“ஒரு வாசனையும் இல்ல” என்றார்.

காய்ச்சல் வந்த வயதிலிருந்து வாசனையைப் பற்றி அவர் சொன்ன ஒரே சத்தியமான வார்த்தை அது. அதனால் வந்த தொல்லை அவர் சொன்ன பொய்கள் எதனாலும் வந்ததில்லை. இராமலிங்கம் அன்றே கடைக்குக் கடிதம் எழுதினார். போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள், கேஸ் வாசனை துளிகூட இல்லை, உடனே ஆள் அனுப்பி வாசனை போட்டுத் தராவிட்டால் நடப்பதே வேறு என்று எழுதினார். கடைக்காரர்கள் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தார்களோ தெரியாது. ஒரு வாரத்தில் ராயபுரத்திலிருந்து யேசுதாஸ் என்ற மெக்கானிக் கருவிப் பையோடு காலை ரயிலில் வந்து இறங்கினான்.

யேசுதாஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, குளிரும் நன்றாக வருகிறது என்றான்.

“குளிரு கெடக்கட்டும்பா. வாசனை எங்க?” என்றார் இராமலிங்கம்.

பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கும் யேசுதாசை, நாற்றம் போகவில்லை என்று திட்டியவர்கள் உண்டு. நாற்றம் வரவில்லை என்று திட்டியவரை அவன் அன்றுதான் பார்த்தான். கேஸ் குழாய்க்குள்ளேயே சுற்றும், அறைக்குள் வராது என்று விளக்கிப் பார்த்தான். இராமலிங்கம் கேட்பதாக இல்லை. அசல் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் வா என்று அவனை நத்தமேட்டுக்கு இழுத்துப்போனார்.

போனபோது பரசுராமன், துளசிராமன், இன்னும் இரண்டு பேர் உள்ளே அமர்ந்திருந்தார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. யேசுதாஸ் ஒரு காலை உள்ளே வைத்தான். அதே வேகத்தில் வெளியே எடுத்தான். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி வந்து, முதல் வேலையாக விசையை அணைத்தான்.

முகப்பைக் கழற்றினான். உள்ளேயிருந்த வலைத் தடுப்பு தோசைக்கல்லைப் போலக் கறுத்து அடைந்திருந்தது. அதன் பின்னாலிருந்த தகடுகளில் வழவழவென்று பாசி. பெட்டியில் சேரும் தண்ணீர் வெளியே சொட்டுவதற்குப் பின்பக்கம் ஒரு துளை உண்டு. அதில் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்துவிட்டிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் அடித்தட்டில் தேங்கிக் கொழகொழத்து, அதில் ஒரு தவளையும் இரண்டு பல்லிகளும் எந்தக் காலத்திலோ கதை முடிந்து மிதந்தன. யேசுதாஸ் தட்டை வெளியே எடுத்து, ஒரிஜினல் கேஸை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களின் முன்னால் வைத்தான். ஒருவர் எழுந்து அவசரமாகக் கிணற்றடிப் பக்கம் போனார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குள்ள எப்படி உக்காந்துகினு இருந்தீங்க? உங்களுக்கு மூக்கு கீதா, இல்லியா?” என்றான் யேசுதாஸ்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் எல்லாரும் பரசுராமனைப் பார்த்தார்கள். கெங்கம்மாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க அவள் வாயெடுப்பதற்குள் பரசுராமன் பேசிவிட்டார். அன்று அவருக்கு ஏன் அப்படித் தோன்றியதோ. தட்டில் கிடந்த தவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இல்லப்பா. பன்னண்டு வயசுலயே பூடுச்சி. எனக்கு எந்த வாசனையும் தெரியாது.”

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போலிருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். சிரிப்பார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள், வைக்கட்டும் என்று இருந்தார்.

ஆனால் மற்றவர்கள் நிலைமை அப்படி இல்லை. அவருக்கு மூக்கு இல்லையென்றால், மூக்கு இருந்தும் இரண்டு மாதமாகத் தவளை வாசனையைப் புகழ்ந்த துளசிராமன் யார்? நல்ல பெட்டிக்கு நாற்றம் கேட்டுக் கடிதம் எழுதிய இராமலிங்கம் யார்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அண்ணா தமாஷு பண்றாரு” என்றார் துளசிராமன்.

இராமலிங்கம் உடனே ஒத்துக்கொண்டார். பெரிய வித்தைக்காரர்கள் எல்லாம் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வார்கள், அது அவர்களுடைய அடக்கம் என்றார். தவளை எல்லாம் நேற்று விழுந்திருக்கும், அதற்கு முன்னால் வந்தது கேஸ்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். பரசுராமன் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்மேல் அவர்களுக்கு மரியாதை கூடியதே தவிர, ஒருவரும் நம்பவில்லை. ஊரை ஏமாற்றுவதற்கு அவர் முப்பது வருஷம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏமாற்றுவதை நிறுத்துவது அதைவிடப் பெரிய பாடு என்று அன்று தெரிந்தது.

யேசுதாசுக்கு இந்த விவகாரத்தில் அக்கறை இல்லை. குளவிக்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்தான். வலைத் தடுப்பைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தான். தகடுகளை மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவினான். தட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டினான். பெட்டி வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்ததால், முன்பக்கம் ஒரு மரத்துண்டை வைத்து, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிறபடி சரித்தான். கெங்கம்மாளிடம் மட்டும் தனியாகச் சொன்னான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலையைக் கழுவவேண்டும். அணைப்பதற்கு முன்னால் குளிரை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் வெறும் காற்றை ஓடவிடவேண்டும், அப்போது உள்ளே ஈரம் தங்காது. சாம்பிராணியைச் சாமிக்கு மட்டும் போட்டால் போதும். அவள் அவனுக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டாள். அவன் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். குளிர் முன்னைவிட இரண்டு மடங்கு வந்தது. சிறிது நேரம் இங்குமங்கும் மோந்து பார்த்துவிட்டு, பெட்டி முன்னே மாதிரி இல்லை, மெக்கானிக் எதையோ உருவிக்கொண்டு போய்விட்டான் என்றார் துளசிராமன். மற்றவர்களும் பவர் குறைந்துவிட்டது என்றார்கள். நாலு நாளில் ஒருவர்பின் ஒருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். இராமலிங்கம் தன் பெட்டியைத் துணி போட்டு மூடி, அதன்மேல் ரேடியோவை வைத்துக்கொண்டார்.

கூட்டம் போன பிறகு கெங்கம்மாள் சமையல்கட்டிலிருந்து பாயைக் கொண்டுவந்து பின்கட்டில் விரித்தாள். சோறு உண்ட களைப்பில் இருவரும் படுத்திருந்தார்கள். இருபது வருஷத்தில் கேட்காத கேள்வியை அன்று பரசுராமன் கேட்டார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

“முன்ன வந்துகினு இருந்துச்சே, அது எப்படி இருந்துச்சி?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “நாத்தம்னா நாத்தம்தான். இன்னா சொல்றது” என்றாள்.

“இப்ப?”

அவள் நன்றாக மூச்சிழுத்தாள். “இப்ப ஒண்ணும் வரல.”

“எனக்கும்தான்” என்றார் பரசுராமன்.

பெட்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு மின்சாரம் போனது. அறை மெல்லச் சூடேறியது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை, மாடுகள் கத்தும் வரை தூங்கினார்கள்.