பச்சைக் கரை வைத்த பாவாடைகள்

கொழும்பு, கொட்டாஞ்சேனைத் தையற்காரர் இராஜநாயகத்துக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அளவு கொடுக்க வருகிறவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ என்றுகூடச் சந்தேகப்படுவார்.

புலிகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்தெட்டில் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி தாராளமாகவே கிடைத்தது. பக்கத்துக் கடை வின்சன்றை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போன பொலிஸ்காரர்கள் இன்னும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வெள்ளவத்தைக் கனகேஸ்வரி ஒரு பொதி துணியோடு வந்தாள். சுவிஸிலிருக்கும் அவளுடைய தங்கை நடனம் படிப்பிக்கிறாளாம். பிள்ளைகளுக்குப் பரத உடுப்புத் தைக்க வேண்டுமாம். அவிழ்த்தால் முழுச் சிவப்பு, மஞ்சள் கரை. புலிக்கொடியின் நிறம். இராஜநாயகம் எழும்பிப்போய்க் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

"என்ன பிள்ளை, என்னையும் வின்சன்றுக்குத் துணைக்கு அனுப்பப் போறியோ?"

"சும்மா போங்கோ அண்ணை. பரதத்துக்குச் சிவப்புப் போடாமல் கறுப்போ போடுறது?"

"எங்க ஆடப்போகினம்? கோயிலிலயோ?"

கனகேஸ்வரி சுவரைப் பார்த்தாள். "ஜெனீவாவில. சண்டையை நிப்பாட்டச் சொல்லி ஊர்வலமாம். பிள்ளையள் றோட்டில ஆடுவினம். எங்கட கலையையும் வெள்ளைக்காரர் பாக்கட்டுமாம்."

"ஆடுறவைக்கு அங்க கைதட்டு. தைக்கிறவனுக்கு இஞ்ச என்ன கிடைக்குமெண்டு தெரியுமோ?"

மாட்டேன் என்றிருக்கலாம். ஆனால் வெளிநாட்டு உடுப்புகளால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. மனைவி பிறிஜெற் ஒரு வழி சொன்னாள்: சிவப்பும் மஞ்சளும் முட்டுகிற இடத்தில் பச்சைக் கரை வைத்துவிட்டால் ஒருவர் கண்ணிலும் குத்தாது. அப்படியே தைத்தார்.

பொதியைக் கனகேஸ்வரி வீட்டுக்குக் கொண்டுபோகும்போது காலிமுகத்திடலடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஆமிக்காரன் ஒரு பாவாடையை உதறி விரித்தான். அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தான்.

"அப்பே கொடியே பாட்ட நே, அங்கிள்! ஹொந்தய்!"

நம்முடைய கொடியின் நிறம், நல்லாயிருக்கிறது என்கிறான். சிவப்பு, மஞ்சள், பச்சை. இலங்கையின் சிங்கக்கொடியேதான்! இராஜநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் சிரித்துவைத்தார்.

பொதி சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு கடைப் போன் அடித்தது. கனகேஸ்வரியின் தங்கை.

"ஆரைக் கேட்டுப் பச்சை வைச்சனீங்கள்? எங்கட பிள்ளையள் சிங்கக்கொடியைச் சுத்திக்கொண்டு போய் ஆடுறதோ? உங்கட ரெயிலர் ஆற்ற ஆள் எண்டு இஞ்ச சனம் கேக்குது!"

"நான் என்ர மனிசின்ர ஆள். அவ சொன்னா, வைச்சன்."

"பகிடி விடாதேங்கோ!"

"அப்ப கேள் பிள்ளை. பச்சையைப் பிரிச்செறி. அங்க நிண்டு பிரிச்சா உன்னை ஒருத்தனும் பிடிக்கமாட்டான். புலிக்கொடி நிறத்தை நான் இஞ்ச வைச்சுத் தைக்கேலாது!"

போனை அறைந்து வைத்தபிறகுதான், கத்திவிட்டோமே என்று நாக்கைக் கடித்தார்.

வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. போட்டிருக்கிற லோங்ஸின் கால் நீளமாம், வெட்டித் தைக்க வேண்டுமாம். லோங்ஸ் புத்தம் புதிது. அவன் போட்டிருந்த சப்பாத்தின் மேல் அது அளவாகத்தான் விழுந்திருந்தது.

இராஜநாயகம் அளவு நாடாவைத் தொடவில்லை.

"தம்பியை ஆர் அனுப்பினது?" என்றார்.