அக்கா ஏறிய மின்சாரப் பேருந்து

நான் டீசல் பேருந்து ஓட்டிய வருஷங்களில் என் அக்காவுக்குப் பேருந்து என்றாலே பயம். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா பிடித்துவரும் மீனைக் கூடையில் எடுத்துப்போய் திருவொற்றியூரில் விற்றுவிட்டு வருவாள். நுரையீரல் கெட்டபிறகு அவளால் கூடை தூக்க முடியவில்லை. மாதாமாதம் டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே பெரும்பாடாகிவிட்டது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி மாட்டிக்கொண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிடுவாள். வைத்தியத்துக்குப் போகிற வழியிலேயே பாதி உயிர் போய்விடுகிறது என்பாள்.

எங்கள் டெப்போவுக்கு மின்சாரப் பேருந்துகள் வந்தன. பயிற்சி முடிந்து ஒரு வண்டியை என்னிடம் கொடுத்த அன்று, வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே அக்காவுக்குப் போன் செய்தேன். இனிமேல் நீ மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம் என்றேன்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில், முன்னால் வந்த இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு என் வண்டிக்காகக் காத்திருந்து ஏறினாள். படி தாழ்வாக இருந்ததால் மூச்சு வாங்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை, கம்பியை, சீட்டை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். நெரிசலில் வண்டி நின்றதும் பதறிப்போய், "இன்னாடா, இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். கண்டக்டர் சிரித்துவிட்டார்.

சிக்னலில் நின்றபோது திரும்பி, இது கரண்டில் ஓடுகிறது, புகையே வராது என்று சொன்னேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"கரண்டு எங்க வூட்டாண்டேர்ந்துதானே வருது? அப்ப பொகை எங்கியும் போவலடா. அங்கதான் கீது."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததைச் சொல்லும் குரல். பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

அவள் வீட்டு வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கொடியில் காய்ந்த துணியைச் சாம்பல் போக உதறித்தான் மடிப்பாள். மாடியில் கருவாடு போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அவள் நோய்க்கு அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நான் வற்புறுத்திக் கேட்டதற்கு, அடுப்புப் புகை, வயசு, காற்று எல்லாமே இருக்கும் என்றார் ஒருவர்.

எம்.கே.பி. நகரில் எங்கள் வீடு சின்னதுதான். அக்காவை அங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். இருமல் கொஞ்சம் அடங்கியது. இங்கேயே இருந்துவிடச் சொல்லி என் மனைவி கெஞ்சினாள். "அந்தாளு கடல்லேர்ந்து வந்தா சோறு போட யாரு கீறா?" என்று சொல்லிவிட்டு அக்கா ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டாள். நான் ஓட்டிய வண்டியிலேயேதான் திரும்பிப் போனாள். இறங்கும்போது வண்டி நல்லா கீது என்று சொல்லி என் தோளைத் தட்டினாள்.

மழைக்காலத்தில் மூச்சு முட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வண்டியை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். அவள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் அழுத்திய தடம் இன்னும் மறையாமல் இருந்தது.

காரியம் முடிந்ததும் மாமாவை எங்களோடு வரச் சொன்னேன். "அவ இருந்த வூடு மச்சான், அத்த வுட்டுட்டு எங்க வர்றது?" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

வார லீவில் அவரைப் பார்க்கப் போகிறேன். வலையைப் பிரித்து அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருப்பார். இப்போது அவரும் இருமுகிறார். கேட்டால் சளி என்கிறார்.