பேர் கொடுத்தவர்கள்

எனக்கு வாய் நீளம் என்று சபையறியச் சொன்ன முதல் ஆள் என் பெரியப்பா. அப்போது எனக்குப் பத்து வயது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து எழும்பி நின்று சொன்னார். நான் மேடையில் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தேன். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன், வாய் இன்னும் குறையவில்லை. குறைக்கும் எண்ணமும் இல்லை.

பெரியப்பா அப்பாவின் அண்ணன், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். பின்னேரங்களில் தெஹிவளையிலிருந்து பஸ் ஏறி எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வருவார். அவருக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று முருகன், மற்றது ஒரு டொக்டர். வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளின் உடம்புக்குள் புகுந்து இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவுக்கு மருந்து கண்டுபிடித்தவர் அந்த டொக்டர். பெரியப்பா வீட்டுச் சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் அவருடைய படமும் இருந்தது. விசேஷ நாட்களில் இருவருக்கும் சந்தனப் பொட்டு உண்டு. டொக்டருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மண்டபத்துக்கும் ஒரு பரிசுக்கும் ஏற்கனவே வைத்திருக்கிறார்கள். அது போதும்.

அவருடைய நூற்றாண்டு விழாவுக்குச் சிறுவர் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘நான் போற்றும் விஞ்ஞானி’. யாரைப் போற்றலாம் என்று பார்த்தால் விதிமுறையிலேயே டொக்டரின் பெயரைப் போட்டிருந்தார்கள். போற்றாதவர்களுக்கென்று தனிப் பிரிவு எதுவும் இருக்கவில்லை.

பேச்சை எழுதியவர் பெரியப்பாதான். எங்கள் ஊர்ப் பேச்சுப் போட்டிகளில் பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவிப்பார்கள், பரிசு விழுந்தால் எழுதியவர் வந்து படத்துக்கு நிற்பார். மூன்று பக்கம். ‘மாமேதை’ என்ற சொல் மட்டும் ஏழு இடத்தில் வந்தது. நான் எண்ணியிருக்கிறேன். பேச்சின் உச்சம் இந்த வரி: “அறிவியலின் அழைப்பைக் கேட்டு, தோட்டத்துச் சிறுவர் பன்னிருவர் தாமாகவே பேர் கொடுத்து முன்வந்தார்கள்!” முன்வந்தார்கள் என்னும்போது நான் வலது காலை ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். காலைச் சரியாக வைக்கவே இரண்டு பின்னேரம் போனது.

அந்தக் கிழமைதான் சித்தி வந்து நின்றார். சித்தி அம்மாவின் தங்கை, ஹற்றனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். சிறுவயதிலேயே அவருக்கு வலது காது செவிடு. இடது காதும் மந்தமாகத் தொடங்கியிருந்ததால், பொரளையில் ஒரு டொக்டரிடம் காட்ட அம்மா கூப்பிட்டிருந்தார்.

அம்மாவும் அதே தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் அப்பாவின் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்கு அவர் ‘கண்டிப் பக்கம்’. தோட்டத்து ஆள் என்று அவர்களுக்குத் தெரியாமலிருக்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பதின்மூன்று வருடக் கலியாண வாழ்க்கையில் அம்மா எங்களைவிடச் சுத்தமாக யாழ்ப்பாணத்து ‘ஓம்’ சொல்லப் பழகியிருந்தார். சித்தி வந்தால் மட்டும் அவர் குரல் தணியும், கதவு சாத்தப்படும். சித்திக்கோ தணிந்த குரல் கேட்காது. இரகசியம் காப்பதற்குக் கொஞ்சமும் தோதில்லாத விருந்தாளி அவர்.

ஒரு நாள் சித்தி நிலத்தில் குந்தியிருந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அவருடைய இடது பக்கமாக நின்று பேச்சைப் பாடம் பண்ணினேன். உச்ச வரி வந்ததும் காலை முன்னே வைத்தேன். சித்தியின் கத்தி நின்றது.

“பேரு குடுத்தாங்களா? யாருடி?”

“தோட்டத்துப் பிள்ளையள், சித்தி. பன்னிரண்டு பேர். இஞ்ச படம் இருக்கு.”

பெரியப்பா இரவல் தந்திருந்த நினைவு மலரை விரித்துக் காட்டினேன். வெள்ளைக் கோட்டோடு டொக்டர். பக்கத்தில் தொப்பியோடு தோட்டத்துத் துரை. முன்னால் மொட்டையடித்த பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு தகரக் கோப்பையோடு. சித்தி போஞ்சிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இடமிருந்து மூன்றாவது தலையில் விரலை வைத்தார்.

“இது நானு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சித்தி புத்தகத்தில் இருக்கிறார்! “அப்ப நீங்களும் பேர் குடுத்து முன்வந்தனீங்களோ?” என்று கத்தினேன்.

“எங்கிட்டு முன்வர்றது? காலையில வேலைக்குப் பேரு பதியிற பெரட்டுக்களம் இருக்குல்ல, அங்கன வரிசையா நிக்க வச்சாங்க. புள்ளைய அனுப்பாதவனுக்கு இன்னைக்குப் பேரு இல்லன்னு கங்காணி சொன்னாரு. அப்பாதான் என்னைய முன்னுக்குத் தள்ளிவிட்டாரு. எனக்கு எட்டு வயசு. பத்துக்குக் கீழதான் கேட்டாங்க. உங்கம்மாவுக்குப் பத்து தாண்டிருச்சு, அவ தப்பிச்சா.”

எனக்குப் புல்லரித்தது. தாத்தாவின் நல்ல பெயர் கெட்டுவிடக் கூடாது என்று எட்டு வயதுப் பிள்ளை மருந்து குடித்திருக்கிறது. “நீங்கள் தாத்தான்ர மானத்தைக் காப்பாத்தியிருக்கிறியள்” என்றேன், மேடைக் குரலிலேயே.

சித்தி சிரித்த சிரிப்பில் போஞ்சித் தட்டு கவிழ்ந்தது.

“மானமா! அடி போடி கூறுகெட்டவளே. எங்க பக்கம் பேருன்னா ஒரு நாள் கூலிடி. பேரு விழுந்தாத்தான் சோறு. அரை நாள் செஞ்சா அரைப் பேரு, முழு நாள் செஞ்சா முழுப் பேரு. அந்தப் பேரு போயிரும்னுதான் போனோம். பேரு குடுக்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வலது காதைத் தொட்டார். “குடிச்ச அன்னைக்கே காதுக்குள்ள வண்டு கத்த ஆரம்பிச்சிச்சு. பத்து நாளு கத்திச்சு. அப்புறம் வண்டும் இல்ல, சத்தமும் இல்ல.”

“மருந்தாலயோ?”

“அதத்தான் அப்பா போயி டிஸ்பென்சரில கேட்டாரு. காய்ச்சல்னு எழுதிட்டாங்க. எங்கூடக் குடிச்ச இன்னும் ரெண்டு புள்ளைகளுக்கும் காது போச்சு. மூணு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா? சொல்லு பாப்போம்.”

குசினியிலிருந்து அம்மா ஓடி வந்தார். “வாயை மூடு பாப்பா! பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறாய்?” என்று சொந்தத் தங்கையிடமே யாழ்ப்பாணத் தமிழில் சீறினார். என் பக்கம் திரும்பி, “பெரியப்பாவுக்கு மூச்சுக் காட்டக் கூடாது, விளங்குதே?” என்றார்.

நான் மூச்சுக் காட்டவில்லை. அடுத்த நாள் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: “டொக்டர் அந்தப் பிள்ளையளிட்ட விருப்பமோ எண்டு கேட்டவரா, பெரியப்பா?”

“விஞ்ஞானம் எண்டால் தியாகம் இருக்கும் பிள்ளை. எழுதினதைச் சொல்லு.”

“ஆர் செய்த தியாகம்?” என்றேன். தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது. அந்தக் குட்டுத்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். விடை இருந்தால் விடையைச் சொல்லியிருப்பாரே, எதற்குக் குட்டினார் என்று அன்று முழுதும் உச்சந்தலையைத் தடவியபடி யோசித்தேன்.

விழா நாளன்று சித்தியை வீட்டில் விட்டுப் போகத்தான் அம்மா பார்த்தார். “வரட்டுமே, பிள்ளையின்ர பேச்சுத்தானே” என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் எழுதுவினைஞர். நாள் முழுதும் மற்றவர்களின் சண்டைகளைத் தட்டச்சுச் செய்துவிட்டு வருவதால் வீட்டில் எதற்கும் சண்டை பிடிக்கமாட்டார். முன்வரிசையில் பெரியப்பா. அவருக்குப் பின்வரிசையில் அப்பா, அம்மா, ஓரத்தில் சித்தி. அந்த இடத்தில் அவருடைய செவிட்டுக் காதுதான் ஒலிபெருக்கிப் பக்கம் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

என் முறை வந்தது. மாலை போட்ட பெரிய படத்துக்குப் பக்கத்தில் நின்று தொடங்கினேன். முதல் ஐந்து மாமேதையும் தண்ணீராக வந்தன. பெரியப்பா உதட்டை அசைத்துக்கொண்டே கூட வந்தார். ‘பேர் கொடுத்து’ என்ற இடத்தில் நின்றேன். கால் முன்னே போகவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பெரியப்பா “முன்வந்தார்கள், முன்வந்தார்கள்” என்று கிசுகிசுத்தார்.

“இல்லை” என்றேன் மைக்கில். “அவர்கள் பேர் கொடுக்கவில்லை. அவர்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். பிள்ளையை அனுப்பாவிட்டால் அப்பாவுக்கு அன்றைக்குக் கூலி இல்லை என்றார்கள். மருந்து குடித்த மூன்று பிள்ளைகளுக்குக் காது கேட்காமல் போனது. அது இந்தப் புத்தகத்தில் இல்லை.”

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் நிறுத்தவில்லை. “மருந்து நல்ல மருந்து. நானும் பள்ளிக்கூடத்தில் குடித்தேன். ஆனால் டொக்டர் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். காது போனது ஏன் என்றும் பார்த்திருக்க வேண்டும்.” இரண்டாவது மணி. மைக்கை அணைத்தார்கள். எனக்கு மைக் எதற்கு? தொண்டை கிழியக் கத்தினேன்: “அதில் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் என்னுடைய சித்தி!”

மண்டபம் முழுதும் திரும்பிச் சித்தியைப் பார்த்தது. சித்திக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி கைகூப்பினார்.

பெரியப்பா எழும்பினார். “இந்தப் பிள்ளைக்கு வாய் நீண்டு போச்சு! ஆரோ சொல்லிக் குடுத்த பொய். எங்கட வீட்டில தோட்டத்து ஆக்கள் ஆர் இருக்கினம்?”

அப்பா எழும்பினார், இருந்தார், மறுபடி எழும்பினார். அதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

“நான் இருக்கேங்க” என்றார் அம்மா. பதின்மூன்று வருடமாகப் பூட்டி வைத்த தமிழ், கதவை உடைத்துக்கொண்டு வந்தது. “அவ என் தங்கச்சிங்க. நானும் அந்தத் தோட்டத்து லயத்துலதான் பொறந்தேன். என் மக பொய் சொல்லலீங்க.”

எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. பங்குபற்றிய எல்லாருக்கும் கொடுத்த பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியும் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குத்தான் நான் அழுதேன்.

வாசலில் பெரியப்பா என்னை நிறுத்தினார். கோபம் போய் முகம் வாடியிருந்தது. “அந்த மருந்து இல்லாட்டில் நான் முப்பது வயசில செத்திருப்பன். என்ர ரத்தம் முழுக்கப் புழு குடிச்சிட்டுது. தெரியுமோ உனக்கு?” என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போய் பஸ் ஏறினார். அவர் சொன்னது உண்மை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பெரியப்பா பிழைத்ததும் உண்மை, சித்தியின் காது போனதும் உண்மை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஒருவருக்கு மாலை போடுவது என்ன விஞ்ஞானம்? விஞ்ஞானம் படித்து, அதையே பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் வரும் இந்த வயதிலும் நான் அதைத்தான் கேட்கிறேன்.

காலி வீதியில் வீட்டுக்கு நடந்தோம். அம்மாவும் அப்பாவும் முன்னால் போனார்கள். அப்பா அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டிருந்தார். நான் சித்தியின் இடது பக்கமாக நடந்தேன்.

“என்னாடி பேசின? எல்லாரும் என்னையவே பாத்தாங்க?”

பஸ் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி, மேடையில் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். கட்டிப்பிடித்து முத்தமிடுவார் என்று பார்த்தேன்.

“எம் பேரச் சொன்னியா?”

“என்ர சித்தி எண்டு சொன்னனான்.”

“சித்தின்னா யாருக்குடி தெரியும்? அந்தப் பொஸ்தகத்துல டாக்டரு பேரு இருக்கு, தொர பேரு இருக்கு, படம் புடிச்சவன் பேருகூட இருக்கும். எம் பேரச் சொல்லிருக்கலாம்ல.”

எனக்குக் கோபம் வந்தது. ஊரையே எதிர்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறேன், இவர் குறை பிடிக்கிறாரே! கோபத்துக்கு அடியில் ஒரு வெட்கமும் இருந்தது, அதை யாருக்கும் சொல்லவில்லை. சித்தியின் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அவர் பாப்பா, அப்பாவுக்குத் தங்கச்சி, எனக்குச் சித்தி. பத்து வருடத்தில் ஒருநாளும் நான் கேட்கவில்லை. டொக்டர் கேட்கவில்லை என்று மேடையில் கத்தியவள் நான். அவரைக் காட்டிக் கத்தலாமா என்றும் அவரிடம் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்கு விளங்க வெகுகாலம் சென்றது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போன மாதம் தோட்டத்துக்குப் போய், சித்தியின் இடது காதுக்குக் கிட்டக் குனிந்து, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். காதுக்கருவியைத் திருகிக்கொண்டு இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

“எழுது. ஆனா அரைப் பேரு போட்டுறாதடி. முழுப் பேரு போடு.”

போடுகிறேன். அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக, மொட்டைத் தலையோடு, தகரக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கருப்பையா காளியம்மா.