ஹென்னிங்கின் நாலு தமிழ்ச் சொற்கள்: எஸ்பியர்க் பனி மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமை

இது வழக்கமான சுற்றுலாப் பதிவு இல்லை என்று முதலே சொல்லிவிடுகிறேன். போன முறை தீவுக்குப் படகில் போனதை எழுதினேன், அதுக்கு முந்தி மிருகக்காட்சிச்சாலை. இந்த முறை போனது இடிக்கவிருந்த ஒரு தகர மண்டபத்துக்கு. இப்போது அது இல்லை. அப்படியென்றால் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது போல இருக்கிறது, அதுதான்.

2009 மே மாதக் கடைசி. எங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொல்லி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. என் தம்பி, அவன் மனுசி சுமதி, இரண்டு பெண்பிள்ளைகள், நாலு பேரும் வன்னிக்குள் இருந்தார்கள். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்த சனம், ஆரோ ஒளித்து வைத்திருக்கும் போனில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கதைக்கிறதாகக் கேள்விப்பட்டோம். அந்த அழைப்பைத் தவறவிட்டால் திருப்பி எடுக்க இலக்கம் இருக்காது. அதனால் இங்கே எல்லாரும் குளிக்கப் போனாலும் போனோடுதான். நானும் அப்படித்தான்.

நான் கிரின்ஸ்டெட்டில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் பொதி செய்யும் வரிசையில் நிற்கிறேன். வரிசையில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் ஹென்னிங். ஐம்பத்திரண்டு வயது, கதவு அளவு தோள், முன்பல் மூன்று பொய்ப்பல். மனுசன் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடியவர், தடுப்பாட்டக்காரர். அவர் என் போனை வாங்கித் தன் கண்ணாடி அறை மேசையில் வைத்துவிட்டு, "நீர் கையுறை கழட்டி ஓடி வர ஒரு நிமிசம் ஆகும். அதுவரைக்கும் நான் என்ன சொல்ல வேணும்?" என்று கேட்டார். அவர் பேசியது டேனிஷ், நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். நாலு சொல் சொல்லிக் கொடுத்தேன். ஓம். நில்லுங்கோ. வாறா. வைக்காதேங்கோ. ஓம் என்றால் ஆம், வாறா என்றால் அவள் வருகிறாள், வைக்காதேங்கோ என்றால் போனை வைத்துவிடாதீர்கள் என்று அர்த்தமும் சொன்னேன். டேனிஷ் எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

முதலில் அவரிடம் அகப்பட்டது ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள். ஹென்னிங்கின் குரலைக் கேட்டுவிட்டு, "எடியே, உண்மையைச் சொல்லு, ஆரடி அந்த ஆம்பிளை?" என்று இரண்டு நாள் என்னைப் போட்டு வாட்டினாள்.

சரி, பயணத்துக்கு வருவோம். எஸ்பியர்க்கில் ஹென்னிங் விளையாடிப் பழகிய மண்டபத்தைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள் என்றும், பழைய ஆட்டக்காரர் சனி காலை வந்து விருப்பமானதைக் கழற்றிப் போகலாம் என்றும் அவருக்குச் செய்தி வந்தது. மண்டபத்தின் பெயர் எழுத வேண்டாம் என்றார், விட்டுவிடுகிறேன். அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஆறு கிழமை, கார் ஓட முடியாது. அவர் மனுசிக்கு அன்று வேலை. பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், எங்கள் ஊரில் சனிக்கிழமை பஸ் என்பது அதிர்ஷ்டச் சீட்டு. "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். ஐந்து கிழமையாக என் போனைக் காத்த மனுசன் அல்லவா.

காலை 9.10க்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 55 கிலோமீற்றர், 55 நிமிட ஓட்டம். இரண்டு பக்கமும் எண்ணெய்க் கடுகு பூத்து மஞ்சள் அள்ளிக் கொட்டியிருந்தது. போன் இரண்டு இருக்கைக்கும் நடுவில், சத்தம் முழுதாக.

"எத்தனை வருசம் விளையாடினனீங்கள்?" என்று கேட்டேன்.

"பதினாலு."

"எத்தனை கோல்?"

"ஒன்பது."

"ஐயோ! பதினாலு வருசத்திலையா?"

சிரித்தார். கோல் போடுவது அவர் வேலையே இல்லையாம். எதிராளி வரும் வழியில் நிற்பது, அடிக்கிற கறுப்பு வட்டை உடம்பில் வாங்குவது, கூட்டாளிகள் திரும்பி வந்து சேரும்வரை இழுத்துப் பிடிப்பது, அவ்வளவுதான். பல் போனது அப்படி, முழங்கால் போனதும் அப்படி. பிறகு ஒரு கணக்குச் சொன்னார். உங்கள் வலைக்குள் கோல் விழும்போது பனியில் நிற்கிற எல்லாருக்கும் ஒரு மைனஸ் போடுவார்களாம். பிழை ஆருடையது என்று பார்ப்பதில்லை, நின்றால் மைனஸ். கடைசி வருடம் அவருடைய கணக்கு அணியிலேயே மோசம், ஏனென்றால் ஆபத்தான நேரத்தில் எல்லாம் அவரைத்தான் இறக்கினார்கள். அதைக் காட்டியே அவரை அணியிலிருந்து நிற்பாட்டினார்கள். "அண்டைக்குப் பிறகு உள்ளுக்குப் போகேல்லை. இண்டைக்குத்தான்" என்றார். அதைச் சொல்லும்போது முகம் ஜன்னல் பக்கம்.

10.05க்குப் போய்ச் சேர்ந்தோம். வாகனத் தரிப்பு இலவசம். வாசலில் ஒரு மேசை போட்டுக் கோப்பி விற்றார்கள், பத்துக் குரோனர், வெறும் கழுநீர். ஹென்னிங்குக்கு வேண்டியது அணி உட்காரும் வாங்கின் ஓரப் பலகை. பதினாலு வருடமும் அவர் இருந்த இடம், அடியில் கத்தியால் பெயர் வெட்டி வைத்திருக்கிறாராம். திருகாணி கழற்றத் திருப்புளியையும் கொண்டு வந்திருந்தார்.

நான் வாசலைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடும் இல்லை. தகரச் சுவர், தகரக் கூரை. வெளியே வந்தால் நாலு கோடு. திரும்ப உள்ளே போனேன், செத்துப்போச்சு. "நான் வரமாட்டன் ஹென்னிங், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றேன். சொல்லிவிட்டுத்தான் அவருடைய ஊன்றுகோலைப் பார்த்தேன். வாங்கின் அடியில் திருகாணி. மனுசனால் குனியவே முடியாது.

அவர் கொஞ்ச நேரம் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு திருப்புளியை என் கையில் வைத்து, போனைத் தன் கையில் எடுத்தார். "எனக்குக் குனிய ஏலாது. நீர் இஞ்சை நிக்கத் தேவையில்லை, போனோடை நான் நிக்கிறன். மாத்துவம்."

"நீங்கள் பார்க்கத்தானே வந்தனீங்கள்!"

"பலகையை வீட்டிலை பாப்பன். போம்."

போனேன். பனி உருகி வெறும் சீமெந்துத் தரை, ஈரச் சப்பாத்து நாற்றம். வாங்கின் கீழே முழங்காலில் இருந்து தேடினேன், பெயர் இருந்தது, எழுத்துகள் கோணல். நாலு திருகாணி. மூன்றைக் கழற்றினேன். நாலாவது துருப்பிடித்து அசையேன் என்றது. அப்போதுதான் தகரச் சுவரில் டமார் டமார் என்று அடி. ஹென்னிங் ஊன்றுகோலால் அடிக்கிறார். கூடவே மண்டபமே அதிரத் தமிழ்.

"ஓம்! ஓம்! நில்லுங்கோ! வாறா! வைக்காதேங்கோ!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வெளியே அவர் போனைக் காதில் இறுக்கிப் பிடித்தபடி, முகம் சிவந்து, அந்த நாலு சொல்லையும் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். பறித்தேன்.

"அக்கா," தம்பியின் குரல். "ஆரக்கா அது? வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிறான். வைக்கப் பாத்தன், வைக்காதேங்கோ எண்டு கத்துறான்."

"தம்பி! எப்பிடியடா இருக்கிறாய்?"

"நான் இருக்கிறன் அக்கா. நானும் சின்னவளும் இருக்கிறம்."

"சுமதி? பெரியவள்?"

ஆரோ பக்கத்தில் போனைக் கேட்கும் சத்தம். "பிறகு எடுக்கிறன் அக்கா" என்றான். அவ்வளவுதான்.

போன் காட்டிய நேரம் ஒரு நிமிடம் ஐம்பது செக்கன். அதில் ஹென்னிங் பிடித்து வைத்தது ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

நான் அந்தத் தார் நிலத்திலேயே இருந்து அழுதேன். என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசமும், அவன் சொல்லாமல் விட்ட இரண்டு பெயர்களும் ஒன்றாக வந்தன. பலகையும் கதவுமாகச் சனம் போய் வந்துகொண்டிருந்தது. ஹென்னிங்கால் குனிந்து என்னைத் தூக்க முடியாது. எனக்கு முன்னால் வந்து, சனத்துக்கு முகம் காட்டி, அகலமாக நின்றுகொண்டார். நான் எழும்பும்வரை அசையவில்லை.

பிறகு நான் திரும்பிப் போய் அந்த நாலாவது திருகாணியையும் கழற்றினேன். விடுவேனா. "இப்ப நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ, போனை நான் வைச்சிருக்கிறன்" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு அந்தப் பலகை போதும். உம்மை இஞ்சை தனிய விட்டிட்டுப் போகமாட்டன்." 11.20க்குப் பலகையைப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு திரும்பினோம். மனுசன் கடைசிவரை உள்ளே போகவே இல்லை.

பாதி வழியில் கேட்டேன், "ஹென்னிங், என்ரை தம்பிக்கு இப்ப எத்தனை மைனஸ்?"

"நான் அந்தக் கணக்கை ஒருநாளும் நம்பினதில்லை" என்றார்.

"நான் பனியிலேயே நிக்கேல்லை. இஞ்சை சுகமாய் இருந்தனான்."

"நீர் போனோடை நிண்டனீர்" என்றார்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. மண்டபம் இல்லை. ஆனால் எஸ்பியர்க் நல்ல ஊர். கடற்கரையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் நாலு பெரிய வெள்ளை மனிதர் சிலையைப் பார்க்கக் காசு இல்லை. காற்று அடிக்கும், ஜக்கெட் இல்லாமல் போகாதீர்கள். கிரின்ஸ்டெட்டில் இருந்து போய்வர 110 கிலோமீற்றர், என் பழைய காருக்கு ஏழு லீற்றர் போதும். கோப்பியை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். தகரக் கட்டடத்துக்குள் போகும்முன் போனைப் பாருங்கள், வெளியே நிற்க ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.

நான் இதை எழுதுவது மூன்று கிழமை கழித்து. தம்பி இன்னும் எடுக்கவில்லை. போன் இப்போதும் கண்ணாடி அறையில்தான். ஹென்னிங் லீவில் போகும் நாட்களுக்காக அந்தக் கடதாசியைப் படியெடுத்து, எங்கள் பிரிவில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். நேற்றுச் சாப்பாட்டு இடைவேளையில் பதினொரு டேனிஷ்காரர் பாணைக் கடித்தபடி பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஓம். நில்லுங்கோ. வாறா. வைக்காதேங்கோ.