அவன் சொன்னதில் பாதி

அவன் சொன்னதில் பாதியைத்தான் நான் சொன்னேன். மற்றப் பாதியை விழுங்கிவிட்டேன். அதனால் ஒருவனுடைய முழங்கால் போயிற்று, கால்பந்து வாழ்க்கை போயிற்று, கடைசியில் நல்ல பெயரும் போயிற்று.

மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் இலேசாகும் என்று நினைத்தேன்... ஆகவில்லை.

இதைத் தமிழில் எழுதுவதும் ஒரு தந்திரம்தான். ஜெர்மன் மொழியில் எழுதினால் கால்பந்துக் கழகத்தின் மருத்துவர் படித்துவிடுவார். கொரிய மொழியில் எழுதினால் அவன் படித்துவிடுவான். தமிழில் எழுதினால் நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள். உங்களுக்கு அவனைத் தெரியாது. என்னை மன்னிக்கிற உரிமையும் உங்களுக்கு இல்லை. அதனால்தான் உங்களிடம் துணிந்து வந்திருக்கிறேன்... எவ்வளவு வசதியான துணிச்சல்!

நான் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, அங்கேயே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளுக்குக் கொரிய மொழி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து வந்தது! பதினேழு வயதில் பிடித்த பைத்தியம். பிறகு மாலை வகுப்பில் இரண்டு பருவம் படித்தேன். காதலைச் சொல்ல, மாமியாரோடு மல்லுக்கட்ட, மழையில் நின்று அழ... இதற்கெல்லாம் என்னிடம் கொரிய மொழி தாராளமாக இருந்தது. முழங்காலைப் பற்றிப் பேசத்தான் இருக்கவில்லை.

அது எனக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் விண்ணப்பப் படிவத்தில் 'சரளம்' என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன்? போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

விண்ணப்பம் ஒரு கால்பந்துக் கழகத்துக்கு. எங்கள் ஊரிலிருந்து தொடர்வண்டியில் ஒரு மணி நேரம், இரண்டாம் பிரிவுக் கழகம், பெயர் வேண்டாம். கொரியாவிலிருந்து ஒரு முன்கள வீரனை எடுத்திருந்தார்கள், அவனுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். அவனுக்கு இங்கே தோ-யுன் என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வயது இருபத்துமூன்று. உயரம் இரண்டு மீற்றருக்கு நாலு விரல் குறைவு.

முதல் மாதமே அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கடவுளே, இவன் நிமிர்ந்து நிண்டால் லைற்றிலை முட்டப்போறான். முதல் இருக்கச் சொல்லு பிள்ளை! வெக்கப்படாமல் சாப்பிடச் சொல்லு!"

நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பாருங்கள், அன்று என்னால் முடிந்தது!

என்னை அவன் 'நூனா' என்று கூப்பிடுவான். கொரியாவில் ஒரு தம்பி அக்காவைக் கூப்பிடும் சொல் அது. அதனாலோ என்னவோ, அவன் பேசுவது என் காதில் எங்கள் வீட்டுத் தமிழாகவே விழத் தொடங்கியது.

முதல் பருவத்தில் அவன் அடித்த கோல்களில் பெரும்பாலானவை தலையால் அடித்தவை. ஊர் கொண்டாடியது. அவனுக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் ஒருநாள் சொன்னான்:

"எல்லாரும் என்ர தலையைத்தான் பாக்கினம், அக்கா. எனக்குக் காலும் இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கினமில்லை."

அதையும் நான் பயிற்சியாளரிடம் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். எதையும் சிரிப்பாக்கிவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கமே என்னைக் கொண்டுபோய் மருத்துவரின் அறையில் நிறுத்தியது.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதல்நாள் பயிற்சியில் பந்துக்குத் துள்ளியவன் ஒற்றைக்காலில் கோணலாக இறங்கினான். உடனே எழுந்து ஓடியும் விட்டான். ஆனாலும் வழக்கப்படி மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்தநாள் பெரிய ஆட்டம். முதல் பிரிவுக் கழகம் ஒன்றிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வருவதாகவும் பேச்சு.

மருத்துவர் வயதானவர், நல்ல மனிதர், எப்போதும் அவசரம். "முழங்கால் எப்படி?" என்று கேட்டார். நான் கேட்டேன். அவன் பதில் சொன்னான்.

நீண்ட வாக்கியம். அதில் 'முழங்கால்' விளங்கியது. 'இறங்கும்போது' விளங்கியது. பிறகு 'ஷிகுன்' என்று தொடங்கும் ஒரு சொல் வந்தது... அது விளங்கவில்லை. எந்தத் தொடரிலும், எந்தக் கதாநாயகியும் அந்தச் சொல்லை எனக்குச் சொல்லித்தந்ததில்லை. கடைசியில் 'கென்ச்சனாயோ' என்று முடித்தான்.

கென்ச்சனாயோ என்றால் பரவாயில்லை.

பரவாயில்லை என்றால் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்! தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் 'பரவாயில்லை' என்போம், வேண்டாம் என்று பொருள். யாராவது காலை மிதித்துவிட்டால் 'பரவாயில்லை' என்போம், நோகிறது ஆனால் விடு என்று பொருள். கொரியர்களும் அச்சொட்டாக அப்படித்தான். இந்தச் சொல்லின் குணம் ஒரு ஜெர்மன்காரிக்குத் தெரியாமல் போகலாம். தமிழச்சி எனக்குத் தெரியாதா?

அந்த மற்றச் சொல் என்ன என்று அவனைக் கேட்டிருக்கலாம். ஐந்து விநாடி. கைப்பேசியில் அகராதி இருந்தது. ஆனால் மருத்துவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சரளம்' என்று புள்ளடி போட்டவள் அகராதியைத் திறப்பதா? எனக்கு வெட்கம். அவ்வளவுதான். வெட்கம்!

"எஸ் கேற்" என்றேன்.

ஜெர்மன் மொழியில் அதுவும் ஒரு நழுவல் சொல். நேரே சொன்னால் 'போகிறது'. முகத்தைச் சுளித்து இழுத்துச் சொன்னால் 'ஏதோ சமாளிக்கிறேன்'. சட்டென்று சொன்னால் 'ஒரு குறையும் இல்லை'. நான் எப்படிச் சொன்னேன்? இழுத்தேனா? சட்டென்று சொன்னேனா? கண்ணாடி முன் நின்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நினைவு வரவில்லை... உண்மையாகவே வரவில்லை.

மருத்துவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசினானே, அவ்வளவுதானா?"

"கொரிய மொழியில் எல்லாம் நீளம்தான் டொக்டர், ஆளைப் போலவே!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிப்பதைக் கண்டு அவனும் சிரித்தான். மருத்துவர் அவன் முழங்காலை மடக்கி, நீட்டி, அமத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. 'முறைப்பாடு எதுவும் இல்லை' என்று எழுதினார்.

மறுநாள் இரண்டாம் பாதியில் வலப்பக்கமிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. அவன் எழும்பினான். கோல்! மைதானமே எழுந்து கத்தியது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் இறங்கிய இடத்திலேயே கிடக்கிறான் என்பதை நான் காண எத்தனை நேரமாயிற்று என்று தெரியாது. அதுதான் அவன் வாழ்க்கையின் கடைசிக் கோல்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. உள்ளே குருத்தெலும்பு வியாழக்கிழமைப் பயிற்சியிலேயே வெடித்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு படம் எடுத்திருந்தால், இரண்டு மூன்று மாத ஓய்வோடு தப்பியிருக்கலாமாம். "ஏன் இவன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று மருத்துவர் தலையில் கைவைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன்பின் ஒரு வாரம் இருக்கும். அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தார்.

"முழங்கால் கொஞ்சம் உளையுது பிள்ளை... பரவாயில்லை."

"உளையுதெண்டால் என்னம்மா? நோகுதோ?"

"நோவில்லையடி. காலை ஊண்டேக்கை உள்ளுக்கை ஒரு மாதிரி... விட்டுப்போற மாதிரி. உனக்கெங்கை விளங்கப்போகுது, நீ இஞ்ச பிறந்தனி."

அறைக்குள் போய் அந்த 'ஷிகுன்' சொல்லை அகராதியில் தேடினேன். ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரு சொல் இல்லை, ஒன்றரை வரி விளக்கம் இருந்தது. தமிழில் ஒரே சொல் போதும். அம்மாவின் சொல்! சின்ன வயதிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்த சொல்!

இப்போது அவன் வாக்கியம் முழுதாக என் முன்னால் வந்து நின்றது: "துள்ளி இறங்கேக்கை முழங்கால் கொஞ்சம் உளையுது அக்கா... ஆனால் பரவாயில்லை."

அவன் சொல்லியிருக்கிறான். ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான்.

சில நாட்களில் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். அவனே விளையாட ஆசைப்பட்டுத்தானே 'பரவாயில்லை' என்றான்? சின்ன நோதானே, ஆடிவிடலாம் என்று எண்ணியிருப்பானே? இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். மொழிபெயர்ப்பாளர் அல்ல... இதுவரை நடந்ததைத் தவறு என்று நீங்கள் சொல்லக்கூடும். பொறுங்கள். இனி வருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எட்டு மாதம் கழித்து ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று பேச ஒரு டேர்மின், அதாவது சந்திப்பு, வைத்தார்கள். கழகத்தின் விளையாட்டு இயக்குநர், மருத்துவர், தோ-யுன், நான். அதற்குள் ஊரில் ஒரு கதை பரவியிருந்தது: முதல் பிரிவுக்குப் போகும் ஆசையில் இவன் காயத்தை மறைத்து ஆடினான் என்று.

இயக்குநர் நேரடியாகவே கேட்டார். "அன்றைக்கு நோ இருந்ததை மறைத்தாயா?"

தோ-யுன் என்னைப் பார்த்தான். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னான்.

"நான் மறைக்கேல்லை. அண்டைக்கே டொக்டரிட்டைச் சொன்னனான். அக்கா பக்கத்திலை நிண்டவ. அவவைக் கேளுங்கோ."

இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

நான் இயக்குநரிடம் சொன்னேன்: "விளையாடும் ஆசை மிஞ்சிவிட்டது என்கிறான். வருந்துகிறான்."

எழுதிவிட்டேன்... என் கண்ணாலேயே இதைப் படிக்க முடியவில்லை.

ஏன்? அந்த வேலைக்காகவா? கோயிலில் அம்மா எல்லோரிடமும் "என்ர பிள்ளைதான் அந்தக் கொரியாக்காரனுக்கு வாய்" என்று சொல்லித் திரிந்ததற்காகவா? அந்த ஒரு புள்ளடிக்காகவா? எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் போதவில்லை. நான் யோசித்துச் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் கூடுதலாகக் குழப்புகிறது. என் வாய் தானாகவே அதைச் சொல்லிற்று. அப்படியென்றால் நான் எப்படிப்பட்டவள்?

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். 'ஆளைப் போலவே' என்று அன்று சிரிக்கவைத்த என் பகிடி அவருக்கு நினைவு வந்ததா? கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கோப்பை மூடினார். ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. அந்த வாரம் உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியது: காயத்தை மறைத்ததை வீரர் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட முடியாத அந்த எட்டு மாதமும் அவன் ஜெர்மன் வகுப்புக்குப் போனான், வாரம் இரண்டு நாள். 'வருந்துகிறான்' என்பது முதல் மாதத்திலேயே படிப்பிக்கும் சொல். நான் அதைச் சொன்னபோது மேசையைப் பார்த்திருந்தவன் சட்டென்று தலையை நிமிர்த்தினான்... நிமிர்த்தினானா? அல்லது நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா?

அவன் நாடு திரும்பிய காலை விமான நிலையத்துக்கு நானும் போனேன். வழி முழுக்க ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் உருப்போட்டேன். கொரிய மொழியில், இலக்கணப் பிழை இல்லாமல், அகராதி பார்த்து எழுதிய வாக்கியம். கழகத்தின் ஓட்டுநர் பெட்டிகளை இறக்கி வைத்தார். அவன் முழங்காலை மடக்காமல் காரிலிருந்து இறங்கினான்.

"தோ-யுன், அன்றைக்கு அந்த அறையில் நான்..."

அவன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். அந்த நெடிய உடலை வளைத்து, தலை என் தோளுக்குக் கீழே வருமளவு வணங்கினான். "கென்ச்சன்ஸும்னிதா, தொங்யொக்சா-நிம்" என்றான். திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக் கதவுக்குள் போனான்.

அதே 'பரவாயில்லை'தான். ஆனால் அந்நியரிடமும் அதிகாரிகளிடமும் சொல்லும் மரியாதை உருவில். அதோடு, நூனா இல்லை. 'மொழிபெயர்ப்பாளர் அவர்களே' என்றான். இரண்டு வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்டவன்.

தெரிந்துதான் சொன்னானா? மன்னித்துவிட்டேன் என்றா, உன் விளக்கம் எனக்கு வேண்டாம் என்றா? அல்லது கொரியர்கள் விடைபெறும்போது வழக்கமாகக் காட்டும் வெறும் மரியாதையா? இரண்டு ஆண்டுகளாக இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன். அவன் இப்போது விளையாடுவதில்லை. நான் அதே கழகத்தில்தான் இருக்கிறேன். வேறொரு கொரிய வீரன் வந்திருக்கிறான், அவன் இருமினால்கூட மொழிபெயர்க்கிறேன். என் வேலையில் குறையே இல்லை என்கிறார்கள்!

அன்று காருக்குத் திரும்பியதும் ஓட்டுநர் கேட்டார். "கடைசியாக என்ன சொன்னான்?"

"நன்றி சொன்னான்" என்றேன்.