மனைவியின் கைக்கு ஒரு ஸ்பிரே கன்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பெயின்ற் கடையில் நான் வேலைக்கு நின்றபோது, ஓர்ஸ் ஹில் பக்கம் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் மெலிந்து, கண்கள் உள்ளே போய் இருந்தார். ஒரு வசனம் பேசினால் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்செடுப்பார்.

“எல்லாரும் வாங்கிற ஸ்பிரே கன் இதுதான் அண்ணை,” என்று ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் தள்ளிவிட்டார்.

“இது பாதிப் பெயின்ற்றைக் காத்தில விடும் தம்பி. அதைத்தான் நான் இவ்வளவு காலமும் மூச்சோட குடிச்சனான். அழுத்தம் குறைஞ்சதொன்று தாங்கோ.”

கொடுத்தேன். அவர் அதை மனைவியின் கையில் வைத்தார்.

“பாரமோ?”

“இல்லை.”

“எனக்கு இனி ஏலாது. இவதான் அடிக்கப்போறா,” என்றார் என்னிடம். நல்ல மாஸ்க் ஒன்றும் கேட்டார்.

அந்த அம்மா மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைப் போட்டா உங்களுக்கு வந்த மூச்சு வருத்தம் எனக்கு வராதோ?”

அவர் மேசையைப் பிடித்து ஒரு மூச்செடுத்தார்.

“குறைவாத்தான் வரும்.”

“ஓம்,” என்று சொல்லி அந்த அம்மா இரண்டையும் பைக்குள் வைத்தார்.

இனி அந்த அம்மாவே பெயின்ற் அடிப்பது என்ற முடிவை அவர்களில் யார் முதலில் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மற்றவர் ஒருக்காலாவது வேண்டாம் என்று சொன்னாரா?