நுரை போக எவ்வளவு இருக்கு?

பாரில் வேலை என்றால் கலக்குவது, குலுக்குவது, ஊற்றுவது எல்லாம் சுலபம். ஊருக்கு வந்து என்ன வேலை என்று சொல்வதுதான் பெரும்பாடு. லீவில் வந்தாலும் தொழில் விடாத பியூட்டி பார்லர் அக்காக்களே, போட்டோகிராபர்களே, கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்த பாவத்துக்கு ஆளான அண்ணன்களே, என் பாட்டைக் கேட்டாவது ஆறுதல் அடையுங்கள்.

ஜூஸ் செக்‌ஷன்

பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் நான் பார்டெண்டர். பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு மட்டும் 'ஓட்டல்ல ஜூஸ் செக்‌ஷன்'. அம்மா கொடுத்த பதவி அது. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். எந்த மேட்டிலும் வண்டியை ஏற்றிவிடுவார், அம்மாவை மட்டும் எதிர்த்துப் பேச மாட்டார். ஆகவே பதவி நிலைத்துவிட்டது.

இந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் பையை வைக்கவில்லை, எதிர்வீட்டு அக்கா கையில் ஒரு கூடையோடு வந்துவிட்டார். "வந்துட்டியா? நாலு மாதுளை இருக்கு, ஜூஸ் போட்டுக் குடேன். ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

தைரியசாலி

நான் வந்த காரணம் வேறு. அரியலூரில் ஒரு வரன். பெயர் சரவணன், சிமெண்ட் ஆலை லேபில் வேலை. போனில் பேசிப் பேசி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. என் வேலை அவருக்குத் தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்து பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம்.

மறைத்துக் கட்டிக்கொண்டு ஆயுசுக்கும் ஜூஸ் செக்‌ஷனில் இருக்க எனக்கு இஷ்டமில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் கிடைக்காமல் போய்விடுவாரோ என்று கவலை. நீங்களே உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சினேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஐயோ, எனக்கு பயமா இருக்குங்க. நீங்கதான் தைரியசாலி, நீங்களே சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

"அப்படி என்னத்ததான் கலக்குற? ஒண்ணு போட்டுக் காட்டு" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். என் பையில் ஒரு ஜின் பாட்டில் இருந்தது. ஜின் சவர் போடலாம் என்று எழுந்தேன். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். ஐஸ் இல்லாமல் ஒரு தடவை, ஐஸ் போட்டு ஒரு தடவை நன்றாகக் குலுக்கினால் மேலே வெண்ணெய் போல நுரை நிற்கும்.

முட்டையைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அவர் சமையல்கட்டில் முட்டை உடைக்கக் கூடாதாம். பக்கத்திலேயே ஜின் பாட்டில் நிற்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுண்டலுக்கு வேகவைத்த கொண்டைக்கடலைத் தண்ணீர் மேடையில் ஆறிக்கொண்டிருந்தது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு பாரில் அதைத்தான் ஊற்றுவோம். எடுத்து ஊற்றிக் குலுக்கினேன். பொங்கி வந்த நுரையை அம்மா எட்டிப் பார்த்தார், ஒரு நிமிஷம் அசந்தே போனார். பெருமையாகத் திரும்பினேன். "நாசமாப் போச்சு, அந்தத் தண்ணிய ரசத்துக்கு வெச்சிருந்தேன்டி!"

சித்தப்பாவின் கணக்கு

சித்தப்பா லாரி புரோக்கர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முக்கால் கிளாஸ் நுரையை ஊற்றி ஏமாற்றுகிறான் என்று தினமும் சண்டை போடுகிறவர். நான் கொண்டுபோய் வைத்த கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூஞ்சி சரியில்லை. ஒரு ஸ்பூன் கேட்டார். ருசி பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

என் கை வலிக்கக் குலுக்கி எழுப்பிய நுரையை, அந்த ஸ்பூனால் சுத்தமாக வழித்து வாஷ்பேசினில் தட்டிவிட்டு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் டம்ளரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இப்ப பாரு. நுரை போக எவ்வளவு இருக்கு? பாதிகூட இல்ல. இந்தத் தில்லுமுல்லுக்கா பெங்களூர்ல சம்பளம் குடுக்கறான்?"

மூடி

ஞாயிற்றுக்கிழமை சரவணனும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா அரியலூரில் தையல் கடை வைத்துத் தனியாளாக மகனைப் படிக்கவைத்தவர். எங்கள் அம்மா "பொண்ணு ஓட்டல்ல ஜூ..." என்று ஆரம்பிக்கும்போதே நான் குறுக்கே விழுந்து சொல்லிவிட்டேன். பாரில் மது கலக்கிக் கொடுக்கிற வேலை, அதுவும் பிடித்துச் செய்கிற வேலை என்று. சித்தப்பா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். அந்த அம்மா மகனைப் பார்த்தார். "ஒனக்கு முன்னமே தெரியுமாடா?" சரவணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க, செஞ்சு காட்டும்மா. சரக்கு மட்டும் வேண்டாம்" என்றார் அந்த அம்மா என்னிடம். எலுமிச்சை, பாகு, முட்டை போட்டு எல்லோர் முன்னாலும் குலுக்கினேன். ஐஸ் போடாமல் குலுக்கும்போது மூடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அத்தனை கண்ணும் என்னையே பார்த்ததில் அது மறந்துபோனது. மூடி பறந்தது. நுரை மொத்தமும் சரவணனின் மீசையிலும் புதுச் சட்டையிலும் இறங்கியது. அவர் அம்மா அசையவில்லை. "எங்கிட்ட மறைச்சான்ல, நல்லா வேணும்."

ஒரு கேள்வி

மகன் முகம் கழுவப் போனதும் அந்த அம்மா சமையல்கட்டுக்கு என் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஊத்திக் குடுக்கறப்ப, இந்த ஆளுக்கு இது போதும்னு எப்பவாச்சும் நிறுத்தியிருக்கியா?"

நிறுத்துவேன் அத்தை என்றேன். நாக்கு குழறினால் தண்ணீர்தான் வைப்பேன். திட்டுவார்கள், மேனேஜரைக் கூப்பிடுவார்கள், அப்போதும் ஊற்ற மாட்டேன், வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். பெரிதாகச் சொல்லவில்லை, நடப்பதைத்தான் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரருக்கு ஊத்துனவன் ஒருத்தன்கூட போதும்னு சொல்லலம்மா. சொல்லியிருந்தா மனுசன் இன்னிக்கு எங்கூட வந்து பொண்ணு பார்த்திருப்பாரு. நீ சொல்றவளா இருக்க, எங்க வூட்டுக்கு வந்துடு."

தேதி குறித்த கையோடு வரவேற்பு பானம் முழுக்க என் பொறுப்பு என்று இரண்டு வீட்டாரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டதால், சொந்தக் கல்யாணத்துக்கும் லீவு கிடைக்காத உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.